மஞ்சள் துணி கட்டிய கம்பு

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள், தம்பி. எஞ்சின் புகை மூஞ்சியில் அடிக்கும். இந்தப் பக்கம் வாருங்கள். பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டியா? மாட்டுக்குப் போடுகிற ஊசி மருந்தா? அப்படியானால் நத்தமேட்டுக்கு வந்திருக்கிற புது மாட்டு டாக்டர் நீங்கள்தான். நல்லது. பஸ்ஸில் போனால் அணையைச் சுற்றிக்கொண்டு அரை நாள் போய்விடும். இதுவும் மெதுவாகத்தான் போகும், ஒவ்வொரு துறையாக நின்று நின்று. ஆனால் காற்று வாங்கிக்கொண்டு போகலாம்.

நீச்சல் தெரியுமா?

தெரியாதா. பரவாயில்லை, எனக்கும் தெரியாது. சும்மா கேட்டேன். படகில் ஏறினால் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான்.

என் பெயர் பச்சியண்ணன். கீழ்க்காட்டுச் செங்கல் சூளையில் கல் எண்ணுகிற வேலை பார்த்தவன். படிப்பு அஞ்சாவதுதான். ஆனால் எண்ணிக்கையில் என்னை ஒருவரும் ஏமாற்றியதில்லை. லாரியில் ஏற்றும்போது ஒரு தடவை எண்ணுவேன், ஏற்றி முடித்த பிறகு அடுக்கைப் பார்த்து இன்னொரு தடவை. இரண்டும் ஒன்றாக வராவிட்டால் லாரி நகராது. வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போதுகூட ஏறினதும் எண்ணிவிட்டேன். ஓட்டுகிற பையனையும் உங்களையும் என்னையும் சேர்த்துப் பதினேழு. அதோ தகரத்தில் எழுதியிருக்கிறதே, முப்பது பேர்தான் என்று. இன்றைக்கு நத்தமேட்டில் திருவிழா. முப்பதில் நிற்காது.

மிதவைச் சட்டையா? இருக்கிறது. அந்தப் பச்சைச் சேலை அம்மா உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்குக் கீழே இருக்கிற மூட்டை அதுதான். கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். மெத்தென்று இருக்கும், வயசானவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள்.

நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்கிறவன் இல்லை. என் கல்யாணத்திலேயே மாலை மாற்றும்போது மட்டும்தான் தலை நிமிர்ந்தேன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். உங்களிடம் பேசுகிறேன் என்றால் நீங்கள் வெளியூர். இன்றைக்கு எனக்கு ஒரு நல்ல நாளும்கூட. வேட்டி புதுசு, பாருங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இதோ மாதாபுரம் துறை வந்துவிட்டது. மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள், இந்தப் பையன் கரையில் முட்டித்தான் நிறுத்துவான். பெயர் அமல். ஊருக்குப் புதுசு. வழக்கமாக ஓட்டுகிற சூசை கால் எலும்பு முறிந்து படுத்திருக்கிறான். இவன் அவன் மச்சான், வேறு ஏதோ அணையிலிருந்து போன வாரம்தான் வந்தான். நல்ல பையன். இங்கே தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறதென்று மட்டும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கம்பைப் பார்த்து ஓட்டினால் போதும்.

கோயில் அழகாக இருக்கிறது என்கிறீர்களா? நாலு வருஷம் முன்னால் கட்டின மாதா கோயில். அந்தக் கல் முழுக்க என் கையால் எண்ணிப் போனது. நாற்பத்திரண்டு லோடு, ஒரு கல் குறையவில்லை. பங்குச் சாமியாரே கூப்பிட்டு, "பச்சியண்ணன், உம்ம கணக்கு மாதிரி யாரு கணக்கும் இல்லை" என்று சொன்னார். பழைய கோயில் சின்னது, ஓட்டுக் கட்டடம். அதோ மீன் எடை போடுகிற தகரக் கொட்டகை தெரிகிறதே, அங்கே இருந்தது. மழைக்குச் சுவர் ஊறுகிறது என்று இடித்துவிட்டு, மேடாகப் பார்த்து இந்தப் பக்கம் தள்ளிக் கட்டினார்கள். சிலுவை மட்டும் பழசு. அதே சிலுவையை இறக்கி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, மேலே வைத்துவிட்டார்கள். அது நல்ல காரியம்.

இரண்டு பேர் இறங்கினார்கள், ஒன்பது பேர் ஏறினார்கள். இருபத்து நாலு.

எதற்குக் கம்பு என்றா கேட்டீர்கள்? சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அணை கட்டினபோது எங்கள் ஊர் முழுகிவிட்டது. பழைய நத்தம் என்று பேர். மண் வீடுகள் எல்லாம் கரைந்துபோயின. ஈசுவரன் கோயில் கல்லால் கட்டினது, அது கரையவில்லை. கோபுரம் இன்னும் தண்ணீருக்குள் நிற்கிறது. கார்த்திகையில் அதற்கு மேலே ஆள் கணக்கில் தண்ணீர் நிற்கும், கப்பலே போகலாம். நல்ல வறட்சி வருஷம் என்றால் தலை வெளியே வந்துவிடும், குருடன்கூட ஒதுங்கிப் போவான். இந்த மாதிரி வருஷம்தான் கெட்டது. வைகாசி கடைசி, ஆற்றில் புதுத் தண்ணீர் இன்னும் வரவில்லை, முழுக்க வற்றவும் இல்லை. கோபுரத்தின் தலை ஒரு சாண் தண்ணீருக்குக் கீழே நிற்கிறது. கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. உச்சிக் கல் கோடாலி மாதிரி.

நான் பையனாக இருந்தபோது கடலைக்காய் மூட்டை ஏற்றி வந்த ஒரு படகு அதன்மேல் ஏறிவிட்டது. பனங்கிழங்கைப் பிளக்கிற மாதிரி அடியைப் பிளந்துவிட்டது. ஐந்து பேர் போனார்கள், நாலு பேரைத்தான் எடுத்தார்கள். மூட்டைகள் மட்டும் வெகுநாள் கரை ஒதுங்கிக்கொண்டே இருந்தன. ஒருவரும் தொடவில்லை. ஆடுகள்கூடத் தின்னவில்லை என்று சொல்வார்கள், அது பொய், ஆடு தின்னும்.

அதற்குப் பிறகுதான் என் அப்பா கம்பு நட்டார். கோபுரத்துக் கலசத்தை ஊர் காலி செய்யும்போதே எடுத்துப் போய்விட்டார்கள். அது இருந்த குழி கல்லில் இருக்கிறது. அப்பா முங்கிப் போய்க் காலால் துழாவி, அந்தக் குழியில் மூங்கிலைச் செருகி, நுனியில் துணி கட்டிவிட்டு வந்தார். அன்று முதல் தண்ணீர் வற்றுகிற ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டார்தான் நடுவது. புதுத் தண்ணீர் வந்தால் கம்பு தானாகப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அடுத்த வருஷம் திரும்ப நட வேண்டும்.

அதில் ஒரு மரியாதையும் வந்து சேர்ந்தது. ஈசுவரன் தலைக்குப் பக்கத்தில் போகிறோம், சும்மா போகலாமா? அதனால் திருவிழா நாளில் போகிற படகு கம்பை வலக்கைப் பக்கம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும். சுற்ற ஆரம்பிக்கும்போது, அதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே, அந்தப் பூசாரி சூடத்தைக் கொளுத்தித் தட்டத்தை முதலில் கம்பு நட்டவன் கையில் கொடுப்பார். சுற்றி முடிகிறவரை அவன்தான் ஏந்தி நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு அவன் கையிலிருந்துதான் சூடம். கோயில் தண்ணீருக்குள் போய்விட்டது, மரியாதை போகவில்லை, பாருங்கள்.

அப்பாவுக்குப் பிறகு யார் நட்டிருக்க வேண்டும்? மகன் நான் இருக்கிறேன். ஆனால் எனக்குத் தண்ணீர் ஆகாது. சின்ன வயசில் அப்பா ஒரு தடவை முதுகில் சுமந்து உள்ளே கொண்டுபோனார். நான் பயத்தில் அவர் கழுத்தை நெரித்துவிட்டேன். கரைக்கு வந்து கொஞ்ச நேரம் இருமினார். பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. என் சித்தப்பா மகன் ராக்கியண்ணன் மீன்குஞ்சு மாதிரி, அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா செத்த வருஷம் அவன் நட்டான். அதற்குப் பிறகும் அவன்தான். இருபத்தாறு வருஷம் தட்டம் அவன் கைக்குப் போனது. நான் பின்னால் நின்று, அவன் என் பக்கம் திரும்பினால் சூடத்தைத் தொட்டுக் கும்பிடுவேன். ஒரு வருஷம் திரும்ப மறந்துவிட்டான். நானும் கேட்கவில்லை.

கெட்டவன் இல்லை ராக்கியண்ணன். ஆனால் வேலையில் ஒரு சுத்தம் கிடையாது. படகை நிறுத்துவான், குதிப்பான், காலால் தடவுவான், "இதாண்டா" என்று குத்திவிட்டு ஏறிவிடுவான். காலால் தடவுவது ஒரு கணக்கா, தம்பி? ஒரு அளவு வேண்டாமா?

அளவு என்னிடம் இருக்கிறது. அப்பா எனக்குக் கொடுத்தது. அவர் ஒரு நாள் படகை நடுவில் நிறுத்தி, "நீ முங்க மாட்டே. கண்ணால பிடிச்சுக்கோ" என்று சொல்லிக் காட்டினார். இங்கிருந்து பார்த்தால் மாதாபுரத்துச் சிலுவை, அதற்குப் பின்னால் இருக்கிற மொட்டைக் குன்று, காக்காய்க் கரடு, அதன் பிளவுக்குள் நேராக விழ வேண்டும். அது ஒரு கோடு. ஆலம்பட்டி மண்டபத்துத் தூண் அதற்குப் பின்னால் இருக்கிற ஒற்றைப் பாறையை மறைக்க வேண்டும். அது இன்னொரு கோடு. இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே ஈசுவரன். தண்ணீரில் கால் நனைக்க வேண்டாம். நான் மறப்பேனா?

பொறுங்கள், ஆலம்பட்டி வந்துவிட்டது. இப்போது ஏறப்போகிறவர்கள் ராக்கியண்ணன் வீட்டார். நான் சொன்னதை அவர்கள் காதில் போட வேண்டாம். ராக்கியண்ணன் போன புரட்டாசியில் இறந்துவிட்டான், மாரடைப்பு. அதோ வருகிறாளே, முன்னால், அது அவன் பெண்சாதி பாவாயி. பின்னால் குழந்தையோடு வருவது மருமகள் சுகன்யா. குழந்தைக்கு இன்றைக்கு நத்தமேட்டில் முதல் முடி இறக்குகிறார்கள்.

"என்ன மாமா, புது வேட்டி பளபளன்னு இருக்கு? பொண்ணு பாக்கப் போறீங்களா?"

கேட்டீர்களா? இதுதான் பாவாயி. ஏறும்போதே ஊருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"திருவிழாவுக்கு, பாவாயி."

"ஓ! பூசாரி சொன்னாரு. இந்த வருசம் கம்பு உங்களதாம். எம்மவன் நட்ட செவப்புத் துணியக் காணோமாம், மஞ்சத் துணி நிக்குதாம். நெசமா மாமா?"

"ம்."

"தண்ணியக் கண்டா மூணு அடி தள்ளி நிக்கிற ஆளு கம்பு நட்டாராம்! கேளுங்க சனங்களே. எம் புருசன் முங்கி எந்திரிச்சா உள்ளங்காலு ரத்தமா இருக்கும், கல்லு கிழிச்சி. மஞ்சத்தூள் நான்தான் வெச்சிக் கட்டுவேன். எங்கே, உங்க காலக் காட்டுங்க பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் பார்த்தீர்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். கணக்குத் தெரிந்தவன் காலில் எதற்கு ரத்தம் வர வேண்டும்? இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது.

"விடுங்க அத்தே. யாரு நட்டா என்ன, கம்பு நிக்குதில்ல." சுகன்யா நல்ல பெண். "பெரிய மாமா, இவனக் கொஞ்சம் வெச்சிருக்கீங்களா? தேங்கா பழத்தையெல்லாம் எடுத்து வெக்கணும்."

வாடா, வா. இப்படி உட்காரு. கனமாக இருக்கிறான். பெயர் மகிழன். பிடி, வாழைப்பழம். தோலோடு கடிக்கக் கூடாது. தாத்தா உரித்துத் தருகிறேன்.

பதினொரு பேர் ஏறினார்கள், யாரும் இறங்கவில்லை. இவனையும் சேர்த்து முப்பத்தைந்து. கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது என்று அமல் முப்பத்து நாலுதான் எழுதியிருப்பான். என் கணக்கில் இவன் உண்டு.

ஆமாம், படகு கொஞ்சம் தாழ்ந்துதான் போகிறது. திருவிழா நாளில் அப்படித்தான். கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், எட்டும்.

குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன். ராக்கியண்ணன் போன பிறகு, கம்பு என்னிடம் வரும் என்றுதான் இருந்தேன். நியாயம் அதுதானே? மூத்தவன் நான். நட்டவருடைய மகன் நான். சித்திரை கடைசியில் தண்ணீர் இறங்கினபோது யாராவது வந்து கேட்பார்கள் என்று வீட்டிலேயே இருந்தேன். யாரும் வரவில்லை. ராக்கியண்ணன் மகன் சேட்டு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தான், குதித்தான், சிவப்புத் துணிக் கம்பை நட்டான், ராத்திரி பஸ்ஸுக்குப் போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை? "பெரியப்பா, நான் நடட்டுமா?" என்று ஒரு வார்த்தை? அவன் கேட்டிருந்தால் நானே நடச் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

கீழ்க்காட்டில் ஒரு பரிசல்காரனைப் பிடித்தேன். சந்தை நாள், வெயில் உச்சியில், தண்ணீரில் ஒரு ஆள் இல்லை. பரிசலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். நான் அவ்வளவு தூரம் தண்ணீருக்குள் போனது அப்பாவோடு போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

போய்ப் பார்த்தால், நான் நினைத்தது சரி. சேட்டு நட்ட கம்பு இடம் தப்பி நிற்கிறது! தூண் பாறையை மறைத்தது, அது சரியாக இருந்தது. ஆனால் சிலுவை? பிளவுக்குள் விழவே இல்லை. நன்றாகத் தள்ளி, வெறும் வானத்தில் நிற்கிறது. அப்பன் மாதிரியே மகன். எத்தனை வருஷமாக இப்படித் தப்பாக நட்டார்களோ! ஊர் சனம் முழுக்க இந்தக் கம்பை நம்பித்தானே போகிறது?

பிடுங்கச் சொன்னேன். லேசில் வரவில்லை. கல் கடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பரிசல்காரன் திருகித் திருகி இழுத்தான்.

"அய்யா, இது கெட்டியா உக்காந்திருக்குங்களே. இத எதுக்குப் புடுங்கறீங்க?"

"இடம் தப்பு."

"தப்பான எடத்துல இப்படிப் புடிக்குமாங்க?"

அவனுக்கு நான் கூலி பேசினது பரிசல் ஓட்ட. தூணும் பாறையும் விலகாமல் மெல்ல நகர்த்தச் சொல்லி, சிலுவை பிளவுக்குள் வந்து விழுந்ததும் நிறுத்தச் சொன்னேன். அவ்வளவு துல்லியமாக விழுந்தது, தம்பி. ஊசியில் நூல் கோத்த மாதிரி. அங்கே என் கம்பை இறக்கினான். மஞ்சள் துணி. வெண்ணெயில் குத்தின மாதிரி இறங்கியது, பாதி மூங்கில் உள்ளே போய்விட்டது. பிறகு நின்றுவிட்டது. அசைத்துப் பார்த்தான், நன்றாக நின்றது.

கல்லில்தானே நிற்க வேண்டும் என்கிறீர்களா? நீங்களும் பரிசல்காரன் மாதிரியே கேட்கிறீர்கள். எத்தனை வருஷத்து வண்டல்! கோபுரத்தை மூடியிருக்காதா? வண்டலுக்கு அடியில் கல் இருக்கும்.

சேட்டுவின் கம்பை நான் எறியவில்லை. பத்திரமாகக் கொண்டுவந்து என் மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருக்கிறேன், சிவப்புத் துணியோடு. அடுத்தவன் பொருள் எனக்கு வேண்டாம். இன்றைக்கு ராத்திரி அவன் பஸ்ஸில் நேராக நத்தமேட்டுக்கு வருகிறான். கேட்டால் கொடுத்துவிடுவேன்.

பூசாரியிடம் போய், "இந்த வருஷம் கம்பு என்னுது" என்று மட்டும் சொன்னேன். அதற்கே மூன்று நாள் யோசித்தேன். அவர், "யாரு நட்டா என்ன பச்சியண்ணா, நட்டவன் கைக்குத் தட்டம்" என்றார்.

அதோ! தெரிகிறதா? நேராகப் பாருங்கள், என் விரல் நுனிக்கு. மஞ்சளாக. காற்றில் எப்படி ஆடுகிறது பாருங்கள். அமலும் பார்த்துவிட்டான். எஞ்சின் சத்தம் குறைகிறது. இனிமேல் கம்பிலிருந்து இரண்டு படகு நீளம் தள்ளி, வட்டமாக ஒரு சுற்று. எல்லோரும் கும்பிட வலப்பக்கம் வருவார்கள். படகு கொஞ்சம் சாயும். பயப்படாதீர்கள், சும்மா பிடித்துக்கொண்டால் போதும்.

என்ன தம்பி, எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், எழுந்தால் படகு ஆடும். மகிழன் பயப்படுகிறான், பாருங்கள்.

எந்தக் கோயில் சிலுவையா? மாதாபுரத்துச் சிலுவைதான், வேறு ஏது? அப்பா காட்டின அதே சிலுவை. பெயின்ட்தான் புதுசு. நான்தான் சொன்னேனே, பழைய கோயிலை இடித்துவிட்டு, சிலுவையை எடுத்து...

அதே சிலுவைதானே?

இடமா.

இருங்கள். கொஞ்சம் பேசாமல் இருங்கள், என்னை எண்ண விடுங்கள். பழைய கோயில் கொட்டகை இருக்கிற இடத்தில் இருந்தது. அப்பா சொன்னபோது சிலுவை அங்கே இருந்தது. நாற்பத்திரண்டு லோடும் நான் அனுப்பினது இந்த மேட்டுக்கு.

அமல் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

அந்தத் தகரக் கூரை. வெயில் பட்டு மின்னுகிறதே, அது. இப்போது அது கரட்டுக்கு இடப்பக்கம் நிற்கிறது. பாருங்கள், நகர்கிறது. பிளவை நோக்கி மெல்ல மெல்ல நகர்கிறது. கூரை எப்படி நகரும்? நாம்தான் நகர்கிறோம். பாதிச் சுற்று வரும்போது அது பிளவுக்குள் விழும். தூணும் பாறையை மறைத்துவிடும்.

கத்தாதீர்கள், தம்பி. கையை விடுங்கள். இத்தனை பேர் முன்னால் வேண்டாம். பாவாயி இருக்கிறாள். "காலக் காட்டுங்க" என்று கேட்டாளே, அவள் முன்னால் வேண்டாம். கொட்டகையும் பிளவும் உங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் ஆகிவிடுமா? நான் ஒரு தடவைதான் எண்ணியிருக்கிறேன். இரண்டாம் தடவை எண்ணிப் பார்க்காமல் நான் எதையும் சொல்வதில்லை.

"பச்சியண்ணோ! வாப்பா முன்னால. சூடம் கொளுத்தியாச்சு."

"எந்திரிங்க மாமா, எந்திரிங்க. வெக்கப்பட்டது போதும். உங்க தம்பி இருந்தாலும் இன்னிக்குக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாரு. எல்லாரும் மாமாவுக்கு வழி விடுங்க!"

பாவாயி சொல்கிறாள். கேட்டீர்களா? பாவாயியே சொல்கிறாள்.

எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். எனக்காக வழி விட்டு நிற்கிறார்கள். பூசாரி தட்டத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். காற்றில் சூடம் அணைந்துவிடும், நான் போக வேண்டும். குழந்தையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், தம்பி. இறுக்கிப் பிடியுங்கள், வாழைப்பழக் கை, வழுக்கும்.

சொல்லாமல் இருக்க மாட்டேன். தட்டம் என் கைக்கு வந்து, சுற்றி முடியட்டும், நானே அமல் காதில் மெதுவாகச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே பரிசல் எடுத்துப் போய்ச் சேட்டுவின் கம்பை அந்த இடத்தில் திரும்ப நட்டுவிடுகிறேன்.

ஒரு சுற்றுத்தானே, தம்பி. ஒரே ஒரு சுற்று.